பாலைநிலத்துக் குளிர்காலப் புல்: ஹிமா முதல் மேல்விதைப்பு வரை

அரபு வளைகுடா நாடுகளில் கோடையின் கடுமை தணிந்து அக்டோபர் மாதம் பிறக்கும்போது, நகரப் பூங்காக்களிலும் மாளிகை முற்றங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் ஒரு வேளாண் பணி தொடங்குகிறது. கோடை முழுதும் பச்சைப் பசேலென்றிருந்த புல் ஒட்ட வெட்டப்படுகிறது. அதன்மேல் வேறொரு புல்லின் விதை தூவப்படுகிறது. முளை விடும் வரை நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை நீர் தெளிக்கப்படுகிறது. ஏழு முதல் பத்து நாட்களில் புதிய புல் எழுந்து பழைய புல்லை மறைத்துவிடுகிறது. அடுத்த கோடை தொடங்கியதும் அப்புதிய புல் மடிந்துபோகிறது. மறு ஆண்டு மீண்டும் விதை, மீண்டும் நீர். இருக்கும் புல்லின் மீதே வேறு புல்லை விதைக்கும் இம்முறையை நாம் இக்கட்டுரையில் மேல்விதைப்பு என்று குறிப்பிடுவோம்.

புல் வளர்ப்பைப் பற்றி ஓர் இஸ்லாமியப் பண்பாட்டு ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வினவலாம். எழுத இரண்டு காரணங்கள் உண்டு. பாலைநிலத்தில் புல் யாருக்கு உரியது, அதற்கு வேலியிடும் அதிகாரம் எவருக்கு உண்டு, எதற்காக உண்டு என்னும் வினாக்களை இஸ்லாமியச் சட்டவியல் தனது முதல் நூற்றாண்டிலேயே ஆழ்ந்து ஆராய்ந்து விடை கண்டிருக்கிறது என்பது ஒன்று. மற்றது நமக்கு இன்னும் நெருக்கமானது. பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம், லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய ஊர்கள் அமைந்த வறண்ட நிலப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வளைகுடா சென்றோர் பலர். அவர்கள் அங்கே செய்த வேலைகளுள் புல்வெளிப் பராமரிப்பும் ஒன்று. தம் ஊர்க் கிணற்றில் நீர் வற்றியதால் புறப்பட்டவர், பாலைவனத்தில் புல்லுக்கு நீர் தெளிக்கும் பணியில் அமர்வது நம் காலத்தின் பொருளியல் வரலாற்றில் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு செய்தியாகும்.

இரு புற்கள்

வளைகுடா நாடுகளின் புல்வெளிகளில் பெரிதும் வளர்க்கப்படும் கோடைப்புல்லை மேலை நாட்டார் பெர்முடா புல் என்று அழைக்கின்றனர். பெயரைக் கேட்டு அயல்நாட்டுச் சரக்கென்று நாம் எண்ணிவிடலாகாது. தாவரவியலார் சைனோடான் டாக்டிலான் என்று பெயரிட்டிருக்கும் அப்புல், நம் வரப்புகளில் படர்ந்து கிடக்கும் அருகம்புல்லேயாகும். திடல்களுக்கென அதன் கலப்பினங்களும் உருவாக்கப்பட்டுள்ளன. அரபியர் இதனை ஸையில் என்றும் நஜீல் என்றும் வழங்கினர். இன்று நஜீல் என்னும் சொல் பொதுவாகப் புல்வெளியையே குறிக்கும் அளவுக்குப் பொருள் விரிந்துள்ளது.

அருகு வெயிலை விரும்பும் புல். தரைக்கு மேலும் கீழும் தண்டுகளை ஓடவிட்டுப் பரவுவது. மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸை நெருங்கி இறங்குமானால் அது வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறங்கத் தொடங்கும். அதற்கு முன்னரே வளர்ச்சி தளர்ந்து நிறம் மங்கிவிடும். இலைகள் வைக்கோல் நிறம் கொள்ளும்; ஆயின் வேரும் தண்டும் உயிரோடிருக்கும். ரியாத் போன்ற உள்நாட்டு நகரங்களில் குளிர்கால இரவுகளில் இந்நிலை வெளிப்படையாகத் தெரியும். துபை, தோஹா போன்ற கடலோர நகரங்களில் உறக்கம் அத்துணை ஆழமானதன்று என்றாலும் பசுமை குன்றும். நம் பெரம்பலூர்ப் பகுதியில் அருகைக் குளிர் உறங்க வைப்பதில்லை. இங்கே அதனைக் காய வைப்பது வறட்சி. சித்திரை, வைகாசியில் கருகிக் கிடக்கும் வரப்பு, ஒரு மழை பெய்ததும் தளிர்ப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

மேலே விதைக்கப்படும் புல் ரைகிராஸ் எனப்படும். ரை என்னும் தானியத்துக்கும் இதற்கும் பெயரளவிலேயே தொடர்பு. தாவரவியலில் இது லோலியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த ஈரநிலங்களுக்கு உரிய இப்புல், 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கால்நடைத் தீவனமாகப் பயிரிடப்பட்டது. விரைவில் முளைப்பதும், அடர்ந்த பசுமை கொண்டிருப்பதும், குளிரில் தளராமையும் இதன் சிறப்புகள். கடும் வெயிலைத் தாங்காமை இதன் குறை. இப்பேரினத்தின் மற்றோர் உறவினை அரபுலகம் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தது. கோதுமைப் பயிரினூடே கோதுமை போலவே தோற்றமளித்து வளரும் ஸுவான் என்னும் களை அது. உணவில் கலந்தால் தலைச்சுற்றலும் மயக்கமும் உண்டாக்குவது. அரபு உழவர்கள் அதனைப் பிடுங்கி எறிந்தனர். அந்தக் களையின் இனத்தைச் சேர்ந்த புல் ஒன்று இன்று விலை கொடுத்து வாங்கப்பட்டு அரபு மண்ணில் விதைக்கப்படுகிறது.

மேல்விதைப்பின் முறையும் செலவும் கவனிக்கத்தக்கவை. விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பே அருகுக்குத் தழைச்சத்து இடுவதை நிறுத்துவர். பின்னர் அதனை அடியோடு ஒட்ட வெட்டிச் சருகை வாரி அகற்றுவர். விதை மண்ணைத் தொட வேண்டும் என்பதே இதன் நோக்கம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம் விதை தூவப்படும். ஓர் ஏக்கருக்குக் கணக்கிட்டால் இது 200 கிலோவாகும். முளைவிட்டபின் நீர் தெளிக்கும் தடவைகளைக் குறைத்து அளவைக் கூட்டுவர். இதில் ஒரு சிக்கலும் உண்டு. வேனில் தொடங்கி அருகு விழித்தெழ முற்படும்போது, அதன் தலைக்கு மேல் ரைகிராஸ் அடர்ந்து நிற்கும். ஒளிக்கும் நீருக்கும் உரத்துக்கும் இரண்டும் போட்டியிடும். விருந்தாக வந்தது விரைவில் விடைபெறாவிடில் வீட்டுக்கு உரியது நலியும். வேனில் தளிர்ப்பு தாமதமாகித் திடலில் சொட்டை விழுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக அமைகிறது. ஆகவே உறங்கும் புல்லை உறங்கவிடாமல் மூடுவது, அப்புல்லுக்கே ஊறு விளைப்பதாகவும் முடிவதுண்டு.

அறியாமைக் காலத்து வேலி

இனி, அதே பாலைநிலத்தில் புல் எவ்வாறு கருதப்பட்டது என்பதை வரலாற்றில் காண்போம்.

நாடோடி அரபியருக்குப் புல்லே செல்வம். மழை எங்கே பெய்தது என்று மேகத்தைத் தொடர்ந்து செல்வதே அவர்தம் வாழ்க்கை. இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்தில் வலிமை மிக்க குலத்தலைவன் ஒருவன் செழிப்பான நிலத்தை அடைந்தால், மேட்டில் ஒரு நாயை நிறுத்திக் குரைக்கச் செய்வான். அக்குரைப்பொலி கேட்கும் எல்லை வரை அனைத்துத் திசைகளிலும் உள்ள நிலம் அவனுடைய ஹிமா, அதாவது காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் ஆகிவிடும். பிறர் கால்நடை அதில் நுழையலாகாது. அவனுடைய கால்நடையோ பிறர் மேயும் நிலத்திலும் மேயலாம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இவ்வழக்கத்தை விளக்கியுள்ளார்கள். தக்லிப் குலத்துத் தலைவன் குலைப் தனது ஹிமாவில் நுழைந்த ஓர் ஒட்டகத்தை அம்பெய்து வீழ்த்தியதே பஸூஸ் போருக்கு வித்தாயிற்று என்பது அரபு இலக்கியம் பயின்றோர் நன்கறிந்த செய்தி. பக்ர், தக்லிப் ஆகிய இரு சகோதரக் குலங்கள் நாற்பது ஆண்டுகள் பொருதன என்று மரபு கூறும் அப்போரின் அடியில் கிடந்தது ஒரு புல்வெளியேயாகும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தின் அடிப்படையையே மாற்றினார்கள். அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் அன்றி எவருக்கும் ஹிமா இல்லை என்னும் கருத்துப்பட அவர்கள் அறிவித்ததை ஸஅப் இப்னு ஜஸ்ஸாமா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. தனி மனிதன் தன் வலிமையால் புல்லுக்கு வேலியிடும் உரிமை அன்றோடு ஒழிந்தது. பொதுநலனுக்காக ஆட்சித் தலைமை நிலம் ஒதுக்கும் அதிகாரம் மட்டும் எஞ்சியது. மதீனாவுக்கு 20 ஃபர்ஸக் தொலைவில் அமைந்த நகீஉ என்னும் பள்ளத்தாக்கு, முஸ்லிம்களின் பொதுக் குதிரைகளுக்காக ஒதுக்கப்பட்டது. அதன் பரப்பு எட்டு மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் என்று ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் குறிக்கிறார்கள். எல்லைக்கு அளவு உண்டு. நோக்கத்துக்கும் வரையறை உண்டு.

ஹுனைக்கு இட்ட கட்டளை

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஆட்சிப்பரப்பு விரிந்தது. பொதுக் கால்நடைகளும் பெருகின. அவர்கள் ரபதா, ஷரஃப் ஆகிய நிலங்களை ஹிமாவாக்கினார்கள். அதன் கண்காணிப்புக்கு ஹுனை என்னும் விடுதலை பெற்ற பணியாளரை அமர்த்தியபோது அவருக்கு வழங்கிய அறிவுரையை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முஅத்தாவும் ஸஹீஹுல் புகாரியும் பாதுகாத்துத் தந்துள்ளன. இஸ்லாமியப் பொருளியல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க ஆவணம் அது.

அதன் சாரம் வருமாறு: மக்களிடம் பணிவோடு நடந்துகொள்ள வேண்டும்; அநீதிக்கு ஆளானவனின் பிரார்த்தனைக்கு அஞ்ச வேண்டும். சில ஒட்டகங்களோ சில ஆடுகளோ மட்டும் உடையவனை உள்ளே விட வேண்டும். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்ஃபான் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர்தம் கால்நடைகள் மடிந்தால் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் அவர்களுக்கு உண்டு. சிறு மந்தைக்காரனின் கால்நடை மடிந்தாலோ அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலீஃபாவின் வாயிலில் வந்து நிற்பான். அவனைக் கைவிட இயலுமா? பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட நீரும் புல்லும் கொடுப்பது எளிதன்றோ?

இத்தோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஒதுக்கப்பட்ட நிலத்தின் பூர்வ குடிகள் தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாகக் கருதுவார்கள் என்பதையும், அது அவர்கள் போராடிக் காத்த, இஸ்லாத்தைத் தழுவியபோதும் தம் கைவசம் இருந்த நிலம் என்பதையும் அதே உரையில் உமர் (ரலி) அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இறைவழியில் மக்களைச் சுமந்து செல்லும் விலங்குகள் இல்லையெனில் ஒரு சாண் நிலத்தையும் தாம் ஒதுக்கியிருக்கப் போவதில்லை என்றும் கூறுகிறார்கள். ஒதுக்குபவர் தம் ஒதுக்கீட்டுக்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். பிற்காலத்தில் இமாம் மாவர்தீ (ரஹ், இறப்பு 1058) அவர்கள் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் ஹிமாவுக்கெனத் தனியே ஒரு பகுதி வகுத்து, செல்வருக்கு மட்டும் நிலம் ஒதுக்குவது கூடாது என்று நிறுவியதும் இந்த மரபின் வழியில்தான்.

தானே முளைத்ததும் விதைத்து வளர்த்ததும்

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், இப்னுமாஜா முதலிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. புல் வளர்வதைத் தடுக்கும் பொருட்டு மிகுதி நீரைத் தடுக்கலாகாது என்னும் நபிமொழியையும் புகாரி, முஸ்லிம் இருவரும் பதிவு செய்துள்ளனர். கிணற்றுக்காரன் நீரை மறுத்தால் சுற்றியுள்ள பொதுப் புல்வெளியில் பிறர் கால்நடை மேய இயலாமல் போகும் என்பதே இதன் விளக்கம். நீரைக் கைப்பற்றுபவன் புல்லையும் கைப்பற்றுகிறான் என்னும் நுட்பம் இதில் அடங்கியிருக்கிறது.

ஃபுகஹாக்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கண்டனர். தானே முளைக்கும் புல், அரபியில் கலஉ, ஒருவரது சொந்த நிலத்தில் இருப்பினும் வெட்டி எடுக்கும் வரை அவருக்கு உடைமையாகாது என்பது ஹனஃபி மத்ஹபில் புகழ்பெற்ற நிலைப்பாடு. ஆயின் நிலத்தைப் பண்படுத்தி, நீர் பாய்ச்சி, முயன்று வளர்த்த புல் வளர்த்தவருக்கே உரியது என்று அம்மத்ஹபின் அறிஞர் பலர் தெளிவுபடுத்தினர். இவ்வளவுகோலின்படி இன்றைய புல்வெளி உடைமையாளருக்கு உரியதே, அதில் ஐயமில்லை. ஆனால் உரிமை உண்டா என்பது ஒரு வினா. உரியதைச் செலவிடும் முறை சரியா என்பது மற்றொரு வினா. உடைமை நிலைபெறுவதனால் வீண்விரயம் ஆகுமானதாகிவிடுவதில்லை. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்யும்போதும் நீரை விரயம் செய்யலாகாது என்னும் கருத்துடைய நபிமொழி இப்னுமாஜாவில் உள்ளது. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானதென்று ஹதீஸ் கலையினர் பலர் கூறினாலும், விரயத்தைக் கண்டிக்கும் திருமறை வசனங்கள் அக்கருத்துக்கு வலுவான அடித்தளமாக விளங்குகின்றன.

நீரைப் பங்கிடும் முறைக்கும் மதீனாவிலேயே முன்மாதிரி உண்டு. மஹ்ஸூர், முதைனிப் என்னும் இரு ஓடைகளின் வெள்ளத்தை மேல்நிலத்தார் கணுக்கால் அளவு தேக்கிக்கொண்டு பின்னர் கீழ்நிலத்தாருக்குத் திறந்துவிட வேண்டும் என்பது நபிகளாரின் தீர்ப்பு. ஏரிப் பாசனத்தில் முறை வைத்து மடை திறக்கும் நம் நாட்டு உழவருக்கு இத்தீர்ப்பின் நியாயம் விளக்காமலே விளங்கும்.

புனித மக்காவின் எல்லைக்குள் புல்லையும் செடியையும் வெட்டுவது தடுக்கப்பட்டதை யாவரும் அறிவோம். மக்கா வெற்றியின்போது, கி.பி. 630இல், இத்தடை அறிவிக்கப்பட்டதும் அப்பாஸ் (ரலி) அவர்கள் இத்கிர் என்னும் நறுமணப் புல்லுக்கு விலக்குக் கேட்டார்கள். கொல்லருக்கும் வீட்டுக் கூரைக்கும் அடக்கத்தலத்துக்கும் அது தேவைப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் அவ்விலக்கை உடனே வழங்கினார்கள். நம் எலுமிச்சைப் புல்லின் இனத்தைச் சேர்ந்தது இது. புல்லைக் காப்பதும் மக்களின் தேவைக்காக அதைத் தருவதும் ஒரே அவையில் நிகழ்ந்ததை இங்கே காண்கிறோம்.

முஸ்லிம்களின் தோட்டமும் வெட்டிய புல்வெளியும்

புல்வெளியை வெறுத்தது இஸ்லாமிய நாகரிகம் என்று இதனால் எவரும் முடிவு கட்டிவிடலாகாது. தோட்டக் கலையில் முஸ்லிம்கள் அடைந்த உயர்வு உலகறிந்தது. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் இயற்றிய கிதாபுல் ஃபிலாஹா ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களைப் பேசுகிறது. மண்ணின் வகை, நீரின் தன்மை, எரு, ஒட்டுக் கட்டுதல் ஆகியவை அதில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. பாபர் காபூல் நாட்டில் அமைத்த பாகே வஃபாவில் மாதுளையும் ஆரஞ்சும் இருந்தன. குளத்தைச் சுற்றி மூவிலைப் புல் படர்ந்திருந்ததையும் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் மகிழ்ந்து எழுதியிருக்கிறார். எனினும் நிழலும் கனியும் மணமும் ஓடும் நீரும் அத்தோட்டங்களின் உயிர். நீர் ஒரு வாய்க்காலில் ஓடிப் பல மரங்களின் வேரை நனைத்தது. மரம் நிழல் தந்து நீரின் ஆவியைக் குறைத்தது.

கட்டையாக வெட்டப்பட்ட வெறும் புல்வெளி என்பது மழை மிகுந்த இங்கிலாந்தின் அழகியல். 1830இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் பொறியை உருவாக்கிய பின் அது நடுத்தர வர்க்கத்தாரின் வீடுகளுக்கும் பரவியது. 1899 முதல் 1905 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்த கர்சன் பிரபு, தாஜ்மகால் தோட்டத்தைச் சீரமைத்தபோது அடர்ந்த மரங்களைக் குறைத்துப் புல்வெளி அமைக்கச் செய்தார். இன்று தாஜ்மகாலைக் காண்போர் அப்புல்வெளியை ஷாஜஹானின் தோட்டமென்றே எண்ணுகின்றனர். ஓர் அழகியல் வேறொரு மண்ணில் வேரூன்றி, முன்பிருந்ததை மறக்கச் செய்வதற்கு இது நல்ல சான்று.

எண்ணெய்க்குப் பின் புல்

வளைகுடா நாடுகளில் கோல்ஃப் ஆட்டம் தொடக்கத்தில் மணல் திடலிலேயே ஆடப்பட்டது. குழி அமைந்த இடத்தைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலை இறுக்கிச் சமன் செய்வர். 1988இல் துபையில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் திறக்கப்பட்டபோது, மத்தியக் கிழக்கில் முழுதும் புல்லாலான முதல் போட்டித் திடல் என்னும் பெயரை அது பெற்றது. பன்னாட்டுப் போட்டிகள் குளிர்காலத்தில் நடைபெறுவதால், தொலைக்காட்சியில் பசுமை குன்றாமல் தோன்ற மேல்விதைப்பு தேவைப்பட்டது.

2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை கத்தாரில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி இதன் உச்சம். உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் என்னும் கோடைப்புல்லை அடித்தளமாக்கி, குளிர்காலத்துக்காக ரைகிராஸ் மேல்விதைக்கப்பட்டது. விதை அமெரிக்காவிலிருந்து வானூர்தியில் வந்தது. ஒவ்வொரு திடலுக்கும் நாளொன்றுக்குக் குளிர்காலத்தில் 10,000 லிட்டர், கோடையில் 50,000 லிட்டர் எனக் கடல்நீரைக் குடிநீராக்கிப் பெற்ற நீர் தெளிக்கப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தெரிவித்தது. கால்பந்துத் திடலின் பரப்பு 7,140 சதுர மீட்டர் எனக் கொண்டால், கோடையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாள்தோறும் 7 லிட்டர் ஆகிறது. ஆண்டு முழுதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரை எட்டாத நாடு அது. பதினைந்து நாள் நீர்த்தெளிப்பே அங்கே ஓராண்டு மழையை விஞ்சிவிடும். கடல்நீரிலிருந்து ஒரு கன மீட்டர் நன்னீர் எடுக்க இன்றைய சிறந்த முறையிலும் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். மிஞ்சும் கடும் உப்புநீர் மீண்டும் கடலிலேயே சேர்கிறது.

இதே காலத்தில் பாலைநிலத்தின் இயற்கையான புல் என்னவாயிற்று என்பதையும் நோக்க வேண்டும். சவூதி அரேபியாவில் குலங்கள் காத்து வந்த ஹிமாக்கள் 1953ஆம் ஆண்டின் அரசாணையால் முடிவுக்கு வந்தன. மேய்ச்சல் நிலம் யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. லாரியில் நீரும் தீவனமும் கொண்டு செல்லும் வசதி வந்ததால், முன்பு பருவம் பார்த்து இடம் பெயர்ந்த மந்தைகள் ஒரே இடத்தில் தங்கி மேய்ந்தன. புல் நிலம் தேய்ந்தது. நிலத்தடியில் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேங்கியிருந்த நீரை இறைத்துக் கோதுமை விளைத்த பெருந்திட்டமும், நீர் வற்றியதால் 2008இல் படிப்படியாகக் கைவிட முடிவெடுக்கப்பட்டு 2016இல் நிறுத்தப்பட்டது. காக்கப்பட்ட பொதுப் புல் அருகிய காலத்திலேயே காட்சிக்கான புல் பெருகியது.

நடுநிலையோடு சொல்லத்தக்க மறுபக்கமும் உண்டு. புழுதிக் காற்றை அடக்கவும், வெப்பத்தைத் தணிக்கவும், சிறார் விளையாடவும் புல்வெளி பயன்படுகிறது என்பது உண்மை. பல நகரங்கள் தூய்மை செய்யப்பட்ட கழிவுநீரையே புல்லுக்கும் மரத்துக்கும் பாய்ச்சுகின்றன. நிறம், சுவை, மணம் ஆகியவற்றில் அசுத்தத்தின் தடயம் நீங்கும்படி முழுமையாகத் தூய்மை செய்யப்பட்ட கழிவுநீர் தூய்மையானதே என்று சவூதி மூத்த அறிஞர் அவை 1978இல் அளித்த தீர்ப்பு, இத்துறையில் ஃபிக்ஹின் சிறந்த பங்களிப்பாகும். ஆகவே புல்வெளி அனைத்தும் விரயம் என்று நாம் தீர்ப்பளிக்க முன்வரவில்லை. பயன்படும் புல், பார்வைக்கு மட்டுமான புல் என்று பகுத்தறிய வேண்டும் என்பதே நம் கருத்து. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021இல் இதே பகுப்பைச் சட்டமாக்கியது. கொலராடோ ஆற்றுநீரைப் பயனற்ற அலங்காரப் புல்லுக்குப் பாய்ச்சுவதை 2026ஆம் ஆண்டு முடிவுக்குப் பின் அது தடை செய்தது. மூவாயிரம் ஒட்டகம் உடையவனின் மேய்ச்சலையும் மூன்று ஒட்டகம் உடையவனின் மேய்ச்சலையும் பகுத்துப் பார்த்த மரபுக்கு உரியவர்கள் இத்தகைய பகுப்பில் முந்தியிருக்க வேண்டும்.

செட்டிகுளத்து வயலும் அயலகத்துத் திடலும்

ஆலத்தூர் வட்டத்துச் செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்ற ஊர். வற்றாத ஆறு இல்லை. கிணறும் மழையுமே துணை. பெரம்பலூர் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 860 மில்லிமீட்டர். வளைகுடாவோடு ஒப்பிட இது பெருமழைதான். ஆனால் அது சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பருவம் தவறும் ஆண்டில் கிணறு அடி காண்கிறது. வெங்காயப் பாத்தியில் அருகும் கோரையும் தலைகாட்டினால் பெண்கள் குனிந்து களைக்கொத்தால் கொத்தி எடுக்கிறார்கள். அறுவடையைப் பட்டறையில் அடுக்கி விலைக்குக் காத்திருக்கிறார்கள். இங்கே களையென்று கொத்தப்படும் அருகு அங்கே செல்வமாகப் பேணப்படுகிறது. இரண்டு இடத்திலும் உழைப்பவர் கை ஒன்றே. அக்கை அங்கே ஏழு மாதம் புல்லை வளர்த்துப் பின் அது மடிவதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இவ்வுழைப்பை நாம் இழிவாகக் கருதவில்லை. அதில் வந்த ஊதியத்தில் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர், எங்கள் அரபுக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் நன்கொடை பெற்றன. ஆனால் வெயிலில் நின்ற அவ்வுழைப்பாளிக்கு உரிய பாதுகாப்பு மெல்லவே வந்தது. கத்தார் அரசு 2021இல்தான் ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 10 மணிக்கும் பிற்பகல் 3.30 மணிக்கும் இடையே திறந்தவெளி வேலைக்குத் தடையை விரிவாக்கியது. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நெறியின் நிலத்தில், புல்லின் தேவை அறிந்து நாளுக்கு நான்கு முறை நீர் காட்டியவர்கள் மனிதனின் தேவையை அறியத் தாமதித்தது வருத்தத்துக்குரியது.

நம் ஊர்களிலும் எண்ணிப் பார்க்க வேண்டியவை உள்ளன. மேய்க்கால் புறம்போக்கு என்று வருவாய்க் கணக்கில் குறிக்கப்பட்ட நிலம் நம் நாட்டு ஹிமாவேயாகும். அது எத்தனை ஊர்களில் மேய்ச்சலுக்கு எஞ்சியிருக்கிறது? கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கும்படி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28இல் தீர்ப்பளித்தது. இரண்டு ஆடு வைத்திருக்கும் விதவையின் மேய்ச்சலுரிமையைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்? ஹுனைக்கு இட்ட கட்டளை மாணவர்க்குப் பாடமாக மட்டும் இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் அது ஒலிப்பதில்லை. நெடுஞ்சாலையோரத் திருமண மண்டபங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் அலங்காரப் புல்வெளி ஒரு மதிப்பின் அடையாளமாகி வரும் இந்நாளில், நம் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் அவ்வழியைப் பின்பற்றாமல், உளூச் செய்த நீரை வாய்க்கால் வழியே வேம்புக்கும் புங்கனுக்கும் பாய்ச்சினால் முன்னோர் தோட்டக் கலையின் இயல்புக்கு அது நெருங்கியதாக அமையும்.

திருமறையின் அல்ஹதீத், அஸ்ஸுமர் ஆகிய அத்தியாயங்களில், மழையால் முளைத்த பயிர் பசுமை கொண்டு, பின் மஞ்சளித்து, முடிவில் சருகாவது உலக வாழ்வுக்கு உவமையாகவும் அறிவுடையோருக்குப் படிப்பினையாகவும் கூறப்படுகிறது. வேறிடங்களில், வறண்டு கிடந்த நிலம் மழை கண்டதும் உயிர்த்தெழுவது மறுமைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. மஞ்சளித்தலும் மீண்டும் தளிர்த்தலும் சேர்ந்தே அச்சான்று முழுமை பெறுகிறது. உறங்கும் அருகைக் குளிர்காலத்தில் உறங்க விட்டால் வேனிலில் அது தானே எழும். விதையும் கூடுதல் நீரும் மிச்சமாகும். கண்ணுக்கு மூன்று மாதம் பசுமை குறையும், அவ்வளவே. அந்த மூன்று மாதத்தைப் பொறுத்துக்கொள்வதா, அதற்காகக் கடலையே காய்ச்சி வடிப்பதா என்பதை, நீரும் புல்லும் யாருக்கு முதலில் என்று கேட்ட உமர் (ரலி) அவர்களின் வினாவை முன்வைத்து, அந்நாட்டாரும் அவர்களைப் பார்த்துப் பழகும் நாமும் முடிவு செய்ய வேண்டும்.